பிச்சுமணியின் கார்வை

கொச்சியில், மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டில் பிச்சுமணி மதிக்கிற மனிதர்களை எண்ண ஒரு கை விரல்கள்கூட வேண்டாம். கிடார் வாசிக்கிறவர்கள் அவருக்குச் சொறிகிறவர்கள். கீபோர்டுக்காரர்கள் டைப் அடிக்கிறவர்கள். பாடகர்கள் மைக்கைத் தின்கிறவர்கள். டிரம்ஸ்காரனை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார், அதுவும் பக்கத்திலேயே நின்று தொலைக்க வேண்டியிருக்கிறதே என்பதற்காக. சவுண்டுக்காரர்களைப் பற்றி அவர் சொல்வதை அச்சில் போட முடியாது.

அவர் வாசிப்பது பேஸ் கிடார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கானமேளை என்கிற மெல்லிசைக் கச்சேரி மேடையில் பாடுகிறவருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், கழுத்து நீண்ட நாலு கம்பிக் கிடார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர்தான் பேஸ்காரர். அவர் வாசிப்பது யார் காதிலும் தனியாக விழாது. ஆனால் அவர் நிறுத்தினால் பாட்டின் அடி கழன்றுவிடும் என்பது பிச்சுமணியின் கட்சி. நிறுத்திப் பார்க்க அவரை யாரும் விட்டதில்லை, அவராகவும் நிறுத்தியதில்லை. ஆகவே அது அப்படியே உண்மையாக நின்றுகொண்டிருந்தது.

பிழைப்புக்கு ஏலூரில் ஓர் உரக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பகலெல்லாம் மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் படகு பிடித்து இக்கரை வந்து, பள்ளுருத்தியில் 'ஸீ பேர்ட்ஸ்' என்ற கானமேளை கோஷ்டியில் வாசிப்பார். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கோஷ்டியிலிருந்து அவரை ஓய்வு பெறச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. கோஷ்டித் தலைவர் முகமது இஸ்மாயில், கீபோர்டுக்காரர். ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ் பேசுகிறவர். மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள் என்பதால் இவர்கள் இருவரும் மேடையிலேயே தமிழில் சண்டை போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.

பிச்சுமணியின் பேஸ் ஜப்பானில் செய்தது. வாலிபத்தில், துறைமுகத்தில் இறங்கிய ஒரு பிலிப்பைன்ஸ் கப்பல்காரனிடம் வாங்கினார். அந்தக் கப்பல்காரன் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. கம்பிகளுக்கு மேலே, உடம்பில் சின்ன மரத்துண்டு ஒன்று திருகியிருக்கும். கட்டைவிரலை அதன்மேல் வைத்து, மற்ற விரல்களால் கம்பியை இழுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு அவன் கப்பலேறிப் போய்விட்டான். அன்று அங்கே வைத்த கட்டைவிரலைப் பிச்சுமணி எடுக்கவேயில்லை. மரத்துண்டில் விரல் அளவுக்குக் குழியே விழுந்துவிட்டது. அந்தக் குழியைக் காட்டி, இது சாதகம் செய்த தடம் என்பார்.

ஆம்ப்ளிஃபயரும் அவருடையதுதான். கம்பெனிக்கு ஏதோ மெஷின் வந்த பிளைவுட் பெட்டியை அறுத்து, உள்ளே பெரிய ஸ்பீக்கரைப் பதித்து, கறுப்புப் பெயிண்டு அடித்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். ட்ரெபிள் குமிழை முதல் நாளே பூஜ்யத்தில் வைத்தார். அது அங்கேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. பெட்டியிலிருந்து வருவது தும்தும் என்று நெஞ்சில் முட்டுகிற ஒரு சப்தம். அது முடிந்த பிறகும் அடியில் ங்ங்ங் என்று ஒரு முனகல் நிற்கும். அந்த முனகல்தான் பிச்சுமணியின் பெருமை. அதற்கு அவர் கார்வை என்று பெயர் வைத்திருந்தார். மற்றவன் பேஸில் ஸ்வரம் அடித்தவுடன் செத்துவிடுகிறது, என்னுடையதில் மட்டும் நிற்கிறது, மரம் அப்படிப்பட்ட மரம் என்பார்.

இந்தக் கார்வையை ஊர் கேட்கவில்லையே என்பதுதான் அவருடைய ஆயுட்காலக் கோபம். ஒவ்வொரு கானமேளைக்கு முன்னாலும், சப்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பக்கத்தில் போய் நின்று, "பேஸ் கூட்டடா" என்று ஆரம்பிப்பார். சவுண்டுக்காரப் பையன்களுக்கு இது பழகிப்போன தொல்லை. எதனோடும் இணைக்காத ஒரு குமிழை ஜாடையாகத் திருகுவார்கள். பிச்சுமணி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்போ சரி, பாத்தியா வித்தியாசம்?" என்று சொல்லி மேடையேறுவார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்கும் அந்த இடத்தில் சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொரு சடங்கும் உண்டு. கோயில் உற்சவ மைதானங்களில் தற்காலிக வயரிங், அதனால் பெட்டிகளில் எப்போதும் ஒரு உறுமல் இருக்கும். அதற்கு எர்த்து சரியில்லை என்பது காரணம். பிச்சுமணி கிடார் உறையில் ஓர் இரும்புக் கம்பி, சுத்தியல், கல்லுப்புப் பொட்டலம் எல்லாம் வைத்திருப்பார். மேடைக்குப் பின்னால் மண்ணில் கம்பியை அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டியில் கட்டுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து தண்ணீர் ஊற்றுகிற அழகைப் பார்த்து, "சாமியோட பூஜை முடிஞ்சா ஆரம்பிக்கலாம்" என்பார் இஸ்மாயில். உலகத்தில் எந்த உறுமலுக்கும் எர்த்துதான் காரணம் என்று பிச்சுமணி முடிவு கட்டியிருந்தார்.

வீட்டில் கமலாக்ஷி. கல்யாணமான புதிதில், கோஷ்டி போட்ட ஒரு பக்திப்பாட்டு கேசட்டைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். டேப் ரிக்கார்டரில் போட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்கு. இதுல உங்களுது எது?"

கேசட் போய் சீடி வந்தது, சீடி போய் போன் வந்தது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. கிண்டலாகக் கேட்டால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பாள். அதனாலேயே பிச்சுமணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போன்ல எங்கேடி பேஸ் கேக்கும்? இதொரு கொசு பாடற பொட்டி. இதுல பாட்டுக் கேக்கறவாளெல்லாம் மனுஷாளா? அவா காதும் ஒண்ணுதான், இந்தச் சுவரும் ஒண்ணுதான்."

"அப்போ வேற எதுலதான் கேக்கறது?"

"ஒரு நாள் உன்னைப் பெரிய ஸ்பீக்கர் முன்னாடி உக்கார வெச்சுக் கேக்க வெக்கறேன். அப்போ தெரியும்."

அந்த ஒரு நாள் வராமலே வருஷங்கள் போயின. மேடைக்கு எதிரே வந்து கேட்கலாமே என்றால், அங்கே அவளுக்குக் கூட்டமும் வெடியும்தான் கேட்டன.

சென்ற வருஷம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது இஸ்மாயிலின் வீட்டுக்கு சாய்கிருஷ்ணா என்று ஒரு பிள்ளை வந்தான். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, பூர்வீகம் பாலக்காடு. அவன் கையில் அஞ்சு கம்பி பேஸ். கூடவே, சப்தத்தை மாற்றக் காலால் அமுக்குகிற பெட்டிகள் ஒரு பலகை நிறைய. பிச்சுமணி அந்தப் பலகையைப் பார்த்த பார்வையில் அதற்கு வாயிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கும்.

"இதென்னடா, சமையலுக்குக் கொண்டு வந்திருக்கியா? அஞ்சாவது கம்பி எதுக்கு?"

"லோ பி, அங்கிள். இன்னும் கீழ போகலாம்."

"நாலுல வாசிக்கத் தெரியாதவாளுக்கு அஞ்சாவது."

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோபிக்கக்கூட நேரமில்லை. பிச்சுமணி வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்.

"அங்கிள், நீங்க அடுத்த கம்பிக்குப் போறச்சே அந்தத் தடிமனான கீழ் ஈ கம்பி தொடாமலே அதிர்ந்திண்டு இருக்கு. கட்டைவிரலை அதுமேல வெச்சு அமுக்கிண்டா நிக்கும். மியூட் பண்றதில்லையா?"

"அது கார்வையாக்கும்! அமுக்கணுமாம். பாடறவன் வாயை அமுக்குவியோ? யூட்யூப் பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் சொல்றான். போடா, போயி சாயா குடிச்சிட்டு வா."

சாய்கிருஷ்ணா சாயா குடிக்கப் போனான், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இஸ்மாயில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். அவருக்கு அப்போதே தெரியுமா தெரியாதா என்பதைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் இஸ்மாயிலுக்கு ஓர் ஆசை வந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பாட்டையே வாசித்தாயிற்று, சொந்தமாகப் போட்ட மெட்டுகளை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்துவிட்டுப் போகலாம் என்று. அதில் ஒரு பாட்டு பேஸ் மட்டும் தனியாக வாசித்து ஆரம்பிக்கிறது. டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, பேஸ் போய்ப் போய் வந்து, அதன் மேல் மெதுவாகக் குரல் ஏறவேண்டும்.

"சாமீ, இது உங்களுக்காகப் போட்டது. மூடி மறைக்க எதுவும் இல்ல. கேட்டே ஆகணும் எல்லாரும்" என்றார் இஸ்மாயில்.

பிச்சுமணி அன்று வீட்டுக்கு நடந்து வந்தார் என்று சொல்வது சரியல்ல. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் வெள்ளைக்காரர்கள் காபியை நக்கிக்கொண்டு கஜல் கேட்டுக் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் 'தூங்குமூஞ்சிகள்' என்று முணுமுணுக்கக்கூட மறந்துவிட்டார். வாசலிலேயே சொன்னார்.

"கமலா, இந்தத் தடவை நீ கேக்கப் போறே. ஆரம்பத்துல நான் மட்டும்தான். வேற ஒருத்தனும் இல்லை. முடிஞ்சதும் உன்னை ஸ்டுடியோவுக்கே அழைச்சிண்டு போறேன். அங்க ஸ்பீக்கர் ஆள் உசரம்."

"நெஜமாவா? எந்தப் புடவை உடுத்திக்கறது?" என்றாள் கமலாக்ஷி. முப்பது வருஷத்துக் கேள்விக்குப் பதில் கிடைக்கப்போகிற சந்தோஷம் அவளுக்கு. பக்கத்து வீட்டு மீனாக்ஷியிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் பிச்சுமணி கம்பிகளைக் கழற்றி வேக வைத்தார். பேஸ்காரர்களிடையே இது உள்ள வழக்கம்தான். புதுக் கம்பி வாங்க மனமில்லாதபோது, பழைய கம்பியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் அழுக்கும் எண்ணெயும் போய், சப்தம் மறுபடி கணீரென்று வரும். பிச்சுமணி வினிகரும் சேர்ப்பார். பாத்திரம் கமலாக்ஷியின் இட்லிப் பானை. அவள் சமையலறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே அதுல இட்லி அவிக்கவா?"

"நாளைக்கு இந்தச் சப்தம் கேட்டா நீயே இந்தப் பானைக்குப் பொட்டு வெப்பே."

வெந்த கம்பியை உலர்த்தி மாட்டி, ஒரு தடவை தட்டினார். கணீர். கார்வை முன்னைவிட நீண்டது. அடுப்படியில் கரண்டிகள் லேசாக அதிர்ந்தன. பிச்சுமணிக்கு முகம் கொள்ளாத மகிழ்ச்சி.

ஸ்டுடியோ பஜார் ரோட்டில், பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் சுபாஷிணி, கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சென்னையில் ஒலிப்பதிவு படித்தவள். சட்டமாகப் பேசுவாள், குரலை உயர்த்த மாட்டாள். கீழே லாரிகள் போனால் மாடி ஆடும் என்பதால் லாரி போகிற நேரம் பார்த்துப் பதிவை நிறுத்தி நிறுத்தி எடுப்பாள். பிச்சுமணிக்கு அவளைப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. பேஸ்காரர் ஒருவர் மாடியேறி வந்திருக்கிறார் என்ற பதற்றமே அவள் முகத்தில் இல்லை.

பெட்டியை இரண்டு சுமட்டுக்காரர்கள் மூச்சுவாங்கத் தூக்கி வந்தார்கள். சுபாஷிணி அதைப் பார்த்தாள்.

"மாமா, பெட்டி அவசியமில்லை. கிடார்லேர்ந்து வயரை நேரா கம்ப்யூட்டருக்குக் கொடுத்துடலாம். அதுதான் சுத்தமா வரும்."

"நேராவா? சாப்பாட்டை வாயில போடாம குழாய் வழியா வயத்துக்கு ஏத்தற மாதிரியா? என் சவுண்டு இந்தப் பொட்டியிலாக்கும் இருக்கு."

"சரி, ரெண்டும் எடுக்கறேன். பெட்டி முன்னாடி ஒரு மைக், நேரா ஒரு வயர்."

"எடுத்துக்கோ. கேட்டுப் பாத்துட்டு அந்த வயரைக் கழட்டி நீயே குப்பையில போடுவே."

முதல் தடவை வாசித்தார். கண்ணாடிக்கு அப்பால் இஸ்மாயிலும் சுபாஷிணியும். பாட்டு ஈ ஃப்ளாட் சுருதியில். பாடப்போகிற பெண்ணின் குரலுக்கு அதுதான் சௌகரியம் என்று இஸ்மாயில் வைத்திருந்தார். கானமேளைகளில் பெரும்பாலும் ஈ, அல்லது ஏ. அங்கே ஈ ஸ்வரத்தில் கூட்டிய கீழ்க்கம்பி பாட்டுக்கு உறவுக்காரன். இங்கே ஈ என்பது, பாட்டின் ஆதார ஸ்வரத்துக்கு ஒட்டினாற்போல அடுத்த படியில் நிற்கிற ஸ்வரம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பல் கூசும். இதையெல்லாம் வாசிக்கிற ஆளாக இருந்தும் பிச்சுமணி யோசிக்கவில்லை. யோசிக்கிற வழக்கம் அவருக்கு மற்றவர்கள் விஷயத்தில் மட்டும்தான் உண்டு.

உள்ளே வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "போடு" என்றார்.

முதலில் பெட்டியின் சப்தம் வந்தது. தும்தும், அடியில் கலங்கல். அவர் தலையாட்டினார். பிறகு சுபாஷிணி நேர் வயரின் சப்தத்தை மட்டும் தனியாகப் போட்டாள். ஆள் உயர ஸ்பீக்கர். ஒவ்வொரு ஸ்வரமும் கம்பியில் விரல் படுகிற சப்தம் முதல் தெளிவாகக் கேட்டது. அதன் அடியில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும், எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாமல், ஒரு முனகல். பல்வலிக்காரன் அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல.

"எர்த்து!" என்று எழுந்துவிட்டார் பிச்சுமணி. "பாத்தியா இஸ்மாயிலே, இவ்வளவு செலவு பண்ணி ஸ்டுடியோ கட்டியிருக்கா, எர்த்து இல்லை! இதைத்தான் படிச்சிண்டு வந்தாளாக்கும்."

"எர்த்து செக் பண்ணியிருக்கேன் மாமா."

"செக் பண்ணியிருந்தா இதென்ன? பூதமா கத்தறது?"

அப்புறம் நடந்தது பார்க்க வேண்டிய காட்சி. பிச்சுமணி கிடார் உறையிலிருந்து இரும்புக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்தார். கிடங்கின் பின்னால் போய், காயலோரத்து ஈர மண்ணில் அடித்து இறக்கினார். கல்லுப்பு கரைத்து ஊற்றினார். மாடி ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிடச் சொல்லி, கீழேயிருந்து இழுத்துக் கட்டினார். சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "எந்தா சாமீ, கிணறு தோண்டுகயாணோ?" என்று ஒருவன் கேட்டான். வயசான காலத்தில் வேட்டியெல்லாம் சேறாகி, மூச்சிரைத்துக்கொண்டு அவர் மாடியேறி வந்தார். சுபாஷிணி வயரை வாங்கி, அவர் சொன்ன இடத்தில் கட்டினாள்.

மறுபடி வாசித்தார். மறுபடி கேட்டார்கள். முனகல் அப்படியே இருந்தது.

"இன்னும் ஆழமா இறக்கணும்" என்றார்.

"மாமா, ஒரு நிமிஷம். கிடாரை மாட்டிண்டு சும்மா நில்லுங்கோ. கம்பியைத் தொடாதீங்கோ."

நின்றார். ஸ்பீக்கரில் நிசப்தம். கீழே மூட்டை விழுகிற சப்தம்கூடக் கேட்டது.

"இப்போ மெல்லிசான மேல் கம்பியில ஒரே ஒரு ஸ்வரம் வாசிங்கோ. வாசிச்சுட்டு உடனே விரலால அதை நிறுத்திடுங்கோ."

வாசித்தார், நிறுத்தினார். ஸ்வரம் நின்றது. முனகல் நிற்கவில்லை. தொடாத கம்பி, கட்டைவிரலுக்குக் கீழே சும்மா கிடந்த கீழ்க்கம்பி, தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. நேற்று வினிகரில் வெந்த கம்பி வேறா, நன்றாகவே அதிர்ந்தது.

பிச்சுமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கட்டைவிரல் மரத்துண்டின் குழியில் இருந்தது. எடுத்து ஓர் அங்குலம் கீழே, கம்பிமேல் வைத்தால் போதும். அந்த ஓர் அங்குலத்தை அந்தக் கப்பல்காரன் சொல்லவில்லை, அல்லது சொல்வதற்குள் கப்பல் ஊதிவிட்டது. அதற்கப்புறம் சொன்னவனை இவர் சாயா குடிக்க அனுப்பிவிட்டார். அத்தனை மேடைகள், அத்தனை கேசட்டுகள், எல்லாவற்றின் அடியிலும் இந்த முனகல் இருந்திருக்கிறது. நல்லவேளை, சவுண்டுக்காரர்கள் குறைத்துத் தொலைத்திருக்கிறார்கள்.

சுபாஷிணி பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றை நறுக்கி எடுத்து வந்தாள்.

"இதைக் கம்பிக்கு அடியில, கடைசியில செருகினா அதிராது மாமா. நிறைய பேர் பண்றதுதான்."

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு! வேறு நாளாக இருந்தால் அதற்கு அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் எனக்கே தெரியும். அன்று கிடாரை நீட்டினார். அவள் செருகினாள். வாசித்தார்.

முனகல் போய்விட்டது. கூடவே கார்வையும் போய்விட்டது. இப்போதுதான் நிஜமான கேடு தெரிந்தது. இத்தனை காலமும் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையே இருந்த பள்ளத்தை அந்த முனகல்தான் நிரப்பியிருக்கிறது. அவர் விரல் எந்த ஸ்வரத்தையும் அதன் முழு அளவுக்குப் பிடித்து வைக்கப் பழகவேயில்லை. ஆள் உயர ஸ்பீக்கரில் பிச்சுமணியின் வாசிப்பு மொட்டை மொட்டையாக, நொண்டி நொண்டி நடந்து போனது. மூடி மறைக்க எதுவும் இல்லை. இஸ்மாயில் சொன்னபடியேதான்.

மறுபடி வாசித்தார். மறுபடியும். நாலாவது தடவைக்குப் பிறகு இஸ்மாயில் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு சாமீ. மதி. இது போதும்."

அந்தக் குரல் பிச்சுமணிக்குத் தெரியும். பாடத் தெரியாத முதலாளி மகன்களிடம், ஸ்பான்சர் மனைவிகளிடம் இஸ்மாயில் பேசுகிற குரல். இருவருமாகச் சேர்ந்து, அப்படிப்பட்டவர்களைப் பற்றி அப்புறம் சாயாக் கடையில் சிரித்தது எத்தனையோ தடவை. அந்தக் குரல் தன் பக்கம் திரும்பும் என்று பிச்சுமணி நினைத்ததேயில்லை. முகத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மிக்ஸர் பக்கத்தில் போய் நின்றார். வாழ்நாள் முழுக்க எல்லா மிக்ஸர்களுக்கும் பக்கத்தில் நின்ற மாதிரியேதான் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சுபாஷிணி... பேஸைக் கொஞ்சம் கொறச்சுடேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குமிழைத் திருகினாள். இது வேலை செய்கிற குமிழ். சப்தம் நிஜமாகவே குறைந்தது.

"மதியா மாமா?"

"இன்னும்."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்... இஸ்மாயிலே, முன்னாடி தனியா வர்ற இடத்துல கீபோர்டுல ஏதாவது போட்டு நிரப்பிடு. வெறும் பேஸ் மட்டும்னா கேக்கறவாளுக்குப் போரடிக்கும்."

இஸ்மாயில் சரி என்றார். உடனே சரி என்றார்.

பாட்டு வெளிவந்த அன்று கமலாக்ஷியின் போனுக்கும் வந்தது. சாப்பாடு முடிந்து, கூடத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிச்சுமணி ஜன்னல் பக்கம் திரும்பிப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். அவள் கடைசிவரை அசையாமல் கேட்டாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"ஆரம்பத்துல புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு வரதே, அதா?"

"அது கீபோர்டு. இஸ்மாயில்."

"அப்போ இதுல உங்களுது எது?"

கொசு பாடுகிற பொட்டி, மனுஷாளா, சுவர் என்று வழக்கமாக வருகிற வசவு எதையும் காணாமல் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"போன்ல கேக்காது, அதானே? ஸ்டுடியோவுக்கு அழைச்சிண்டு போறேன்னு சொன்னேளே. அங்கே ஸ்பீக்கர் பெரிசுன்னேள். அந்த நீலப் பட்டுப் புடவையை எடுத்து வெச்சிருக்கேன். மீனாக்ஷியும் வரேங்கறா. எப்போ போலாம்?"

பத்திரிகை ஒரு பக்கம் திரும்பியது.

"அங்கெல்லாம் எதுக்கு? மாடிப்படி செங்குத்து, உன்னால ஏற முடியாது" என்றார் பிச்சுமணி. "போன்லயே கேளு. போன்ல நன்னாத்தான் இருக்கு."